ஒடுங்கிய நாட்டுப்புறக் காணியில் ஒரு கராஜ்: ஒன்ராறியோவில் மைனர் வேரியன்ஸ் எடுப்பது எப்படி

ஒன்ராறியோவில் நகரத்தை விட்டுத் தள்ளி, வளவோடு வீடு வாங்கியவர்களுக்கு முதல் கோடையிலேயே ஓர் ஆசை வந்துவிடும். பின்னால் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, ஒரு கராஜோ கொட்டிலோ போட்டால் என்ன? டவுன்ஷிப் (நாட்டுப்புற உள்ளூராட்சி) அலுவலகத்தில் போய்க் கேட்டால், அங்கிருப்பவர் உங்கள் காணியின் சோனிங்கை, அதாவது அங்கே எதை எங்கே கட்டலாம் என்ற விதியைப் பார்த்துவிட்டு, "பக்க எல்லையிலிருந்து இத்தனை மீட்டர் விடவேண்டும், உங்கள் வளவில் அதற்கு இடம் வராதுபோல் இருக்கிறது, மைனர் வேரியன்ஸுக்கு விண்ணப்பியுங்கள்" என்று ஒரு படிவத்தைக் கையில் தருவார். மைனர் வேரியன்ஸ் என்பது அந்த விதியிலிருந்து சிறிதளவு விலகிக் கட்டத் தரும் அனுமதி.

அந்தப் படிவத்தில் பேனா வைக்குமுன் செய்யவேண்டிய வேலைதான் இந்தக் கட்டுரையின் பெரும்பங்கு. விண்ணப்பங்கள் சறுக்குவது விசாரணை மண்டபத்தில் என்று நினைக்கிறோம். வீட்டு மேசையிலேயே சறுக்கிவிடுகின்றன. "எனக்கு இரண்டு வாகனம், பனி தள்ளும் மெஷின், பிள்ளைகளின் சைக்கிள்கள்" என்று தங்கள் தேவையை எழுதிக் கொடுப்பார்கள். முடிவெடுக்கும் கமிட்டி அதை அனுதாபத்தோடு கேட்கும், அவ்வளவுதான். இந்தக் காணி ஏன் விதிக்குள் அடங்கவில்லை என்று நிலத்தைக் காட்டிச் சொல்பவருக்குத்தான் வழி திறக்கும். வாகனத்தை நாளைக்கே விற்றுவிடலாம், காணியின் அகலத்தை யாரும் மாற்ற முடியாது.

யாரிடம், எதைக் கேட்கிறோம்

ஒவ்வொரு மாநகரசபையும் டவுன்ஷிப்பும் மாகாணத்தின் திட்டமிடல் சட்டம் 34ஆம் பிரிவின் கீழ் தனக்கென ஒரு சோனிங் பைலோ (உள்ளூர் உபவிதி) வைத்திருக்கும். அதிலிருந்து சிறிதளவு விலகிக் கட்ட அனுமதி தருவது அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு. முடிவெடுப்பது கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற குழு. குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். சிறிய டவுன்ஷிப்புகளில் கவுன்சிலர்களே கமிட்டியாகவும் உட்காருவதுண்டு.

அவர்கள் நான்கு கேள்விகளை வைத்து விண்ணப்பத்தை உரசிப் பார்க்கிறார்கள். கேட்கும் மாற்றம் சிறியதா? இந்தக் காணியின் பொருத்தமான பயன்பாட்டுக்கு அது விரும்பத்தக்கதா? பைலோவின் பொது நோக்கம் கெடாமல் இருக்கிறதா? ஒஃபிஷியல் பிளானின், அதாவது ஊரின் நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின், பொது நோக்கம் கெடாமல் இருக்கிறதா? நான்கிலும் தேறவேண்டும். மூன்றில் நன்றாகச் செய்து நாலாவதில் விட்டால் விட்டதுதான்.

"சிறியது" என்பதை எண்ணை மட்டும் வைத்து அளக்க முடியாது. அளவோடு அதன் முக்கியத்துவத்தையும் பார்க்கவேண்டும் என்று 2005இல் ஒன்ராறியோவின் டிவிஷனல் கோர்ட் சொல்லியிருக்கிறது. 3 மீட்டர் இடைவெளியை 1 மீட்டராகக் குறைப்பது, பக்கத்தில் பற்றைக்காடு இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னலுக்கு நேரே என்றால் அதே 2 மீட்டர் பெரிய விஷயம்.

அமெரிக்க வழிகாட்டிகளை வாசித்துவிட்டு 'ஹார்ட்ஷிப்' (விதியால் தனக்கு வரும் கஷ்டம்) நிரூபிக்கவேண்டும் என்று ஆயத்தமாகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்ராறியோவின் நான்கு கேள்விகளில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் படிவத்தில் "பைலோவின்படி ஏன் கட்ட முடியவில்லை" என்ற கேள்வி கட்டாயம் இருக்கும். விண்ணப்பத்தின் உயிர் அந்தக் கட்டத்துக்குள் நீங்கள் எழுதப்போகும் சில வரிகளில்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 15 சதுர மீட்டருக்கு மேற்படாத, ஒரு மாடி மட்டுமே உள்ள, வேறு கட்டடத்தோடு ஒட்டாத, தண்ணீர்க் குழாய் இல்லாத, சாமான் வைக்க மட்டும் பயன்படும் கொட்டிலுக்குக் கட்டட பேர்மிட் தேவையில்லை. இதைக் கேள்விப்பட்டு "சின்னக் கொட்டிலுக்கு ஒன்றும் கேட்கத் தேவையில்லை" என்று எல்லையோரத்தில் கட்டிவிடுகிறார்கள். பேர்மிட் இல்லாவிட்டாலும் சோனிங் பைலோ அந்தக் கொட்டிலுக்கும் உண்டு.

முதலில் கட்ட முடியாத இடங்களை வரையுங்கள்

கராஜின் படத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். காணியின் சர்வே பிளானை ஒரு பெரிய தாளில் பிரதி எடுத்து, எங்கெல்லாம் கட்ட முடியாதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு அடியுங்கள். கடைசியில் வெள்ளையாக மிஞ்சும் துண்டுதான் உங்கள் கட்டடத்தின் இடம், உங்கள் வாதமும் அதுவே.

தொடங்கவேண்டியது எல்லையில். நாட்டுப்புற வீதிகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, தார் வீதியின் விளிம்பிலிருந்து டேப் பிடிப்பது. பழைய நில அளவையில் வீதிக்கென்று ஒதுக்கப்பட்ட அகலம் பெரும்பாலும் 66 அடி, அதாவது ஏறக்குறைய 20 மீட்டர். தார் போட்டது அதில் ஒரு பங்குதான். வாய்க்கால், நீங்கள் வாராவாரம் புல்வெட்டும் அந்தச் சாய்வு, சில இடங்களில் உங்கள் தபால்பெட்டிக்குப் பின்னால் இன்னும் சில மீட்டர், எல்லாம் டவுன்ஷிப்பின் நிலம். பின்னாட்களில் வீதியை அகலப்படுத்த நிலம் எடுத்திருந்தால் எல்லை இன்னும் உள்ளே வந்திருக்கும். சில பைலோக்கள் முன்பக்க இடைவெளியை எல்லையிலிருந்து அளக்காமல் வீதியின் நடுக்கோட்டிலிருந்து அளக்கச் சொல்கின்றன. எதிலிருந்து என்று வாசித்துத் தெரிந்துகொள்ளாமல் ஓர் எண்ணையும் நம்பாதீர்கள்.

பக்க எல்லைக்கு வேலியை நம்பக்கூடாது. வேலி போட்டவர் கல்லும் மரமும் எங்கே விட்டதோ அங்கே போட்டிருப்பார். சர்வே பிளானில் மூலைகளில் 'எஸ்ஐபி' என்று குறித்திருந்தால், அந்த இடத்தில் 25 மில்லிமீட்டர் சதுரமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் கம்பி மண்ணுக்குள் இறக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வெறும் 'ஐபி' என்றால் அதைவிட மெல்லிய, குட்டையான கம்பி. தலை மட்டும் தெரியலாம், அல்லது புல்வேருக்கு அடியில் புதைந்திருக்கலாம். கம்பியைத் தேடிப் பார்ப்பது நல்லது, ஆனால் எல்லை இதுதான் என்று தீர்த்துச் சொல்லும் உரிமை ஒன்ராறியோ லாண்ட் சர்வேயருக்கு மட்டும்தான் உண்டு. ஒரு மீட்டருக்கும் அரை மீட்டருக்கும் கேட்கப்போகும் விண்ணப்பத்தில் சர்வேயருக்குக் கொடுக்கும் பணத்தை நான் செலவாகவே பார்ப்பதில்லை.

அடுத்தது செப்டிக்: வீட்டுக் கழிவுநீர் சேரும் தொட்டியும், அந்த நீரை மண்ணுக்குள் இறக்கும் குழாய்கள் புதைத்த 'பெட்'டும். நாட்டுப்புற வளவில் பெரும்பாலும் இதுதான் இடத்தை விழுங்கும். ஒன்ராறியோ கட்டடக் கோவையின் 8ஆம் பாகம் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளிகள் இவை: தொட்டிக்கும் கட்டடத்துக்கும் இடையில் 1.5 மீட்டர், பெட்டின் குழாய்களுக்கும் கட்டடத்துக்கும் இடையில் 5 மீட்டர், குழாய்களுக்கும் காணி எல்லைக்கும் இடையில் 3 மீட்டர். பெட் நிலமட்டத்துக்கு மேலே உயர்த்தப்பட்டிருந்தால் குழாய்களின் இடைவெளி இன்னும் கூடும். கிணற்றுக்கு, குறைந்தது 6 மீட்டர் ஆழம் வரை நீர்புகாத உறை இறக்கியிருந்தால் 15 மீட்டர், மற்றக் கிணறுகளுக்கு 30 மீட்டர். உங்கள் பெட் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கவேண்டாம். செப்டிக் பேர்மிட்டின் பிரதி டவுன்ஷிப்பிடமோ, பொதுச் சுகாதாரப் பிரிவிடமோ, கன்சர்வேஷன் அதோரிட்டியிடமோ (ஓடை, சதுப்பு, வெள்ளப் பகுதிகளைக் கண்காணிக்கும் அமைப்பு) இருக்கும். யாரிடம் என்பது ஊருக்கு ஊர் மாறும். பெட் பழுதானால் புதிதாக ஒன்று போட வேறு இடம் இருக்கிறதா என்பதையும் டவுன்ஷிப்பின் பிளானரும் (நிலத் திட்டமிடல் அதிகாரி) செப்டிக் பரிசோதகரும் கேட்பார்கள். அந்த இடத்தையும் அடித்துவிடுங்கள்.

இந்த 5 மீட்டரைக் கமிட்டி குறைக்க முடியாது. கமிட்டியின் கை எட்டுவது சோனிங் பைலோ வரைக்கும்தான். கட்டடக் கோவை வேறு, ஓடையோரமும் சதுப்பும் வேறு, பெருவீதி வேறு. இதை விளங்கிக்கொள்ளாமல் வேரியன்ஸும் எடுத்து, கட்டணமும் கட்டி, அதன் பிறகு பேர்மிட் மேசையில் முட்டி நிற்பவர்கள் பலர்.

ஓடை, ஏரிக்கரை, சரிவு, சதுப்பு எதுவும் பக்கத்தில் இருந்தால் உங்கள் பகுதியின் கன்சர்வேஷன் அதோரிட்டியின் வரைபடத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒழுங்குவிதிதான். சதுப்பு நிலத்தைச் சுற்றி 30 மீட்டர் வரை அவர்களின் கட்டுப்பாட்டில் வரும். மாகாண நெடுஞ்சாலை ஓரமாகக் காணி இருந்தால் போக்குவரத்து அமைச்சின் பேர்மிட்டும் வேண்டும். பொதுவாக நெடுஞ்சாலை எல்லையிலிருந்து 45 மீட்டருக்குள் என்றால் கேட்டேயாகவேண்டும். மின்கம்பி போகும் ஈஸ்மென்ட் (உங்கள் நிலத்தில் பிறருக்குள்ள வழியுரிமை) இருந்தால் அது பெரும்பாலும் உங்கள் உறுதியிலேயே பதிவாகியிருக்கும். காணி நயாகரா எஸ்கார்ப்மென்ட் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தால் கதையே வேறு: அங்கே சோனிங் பைலோ செல்லாது, எஸ்கார்ப்மென்ட் கமிஷனிடம்தான் அனுமதி.

ஒரு காணியைக் கற்பனை செய்து பார்ப்போம்

வீதியோரம் 30 மீட்டர், ஆழம் 45 மீட்டர். நடுவில் வீடு, அதன் பின்சுவருக்கும் காணியின் பின் எல்லைக்கும் இடையில் 23 மீட்டர். கிணறு முன்னால். பின்வளவின் கிழக்குப் பக்கத்தில் 14 மீட்டர் அகலத்தில் செப்டிக் பெட், எல்லையிலிருந்து 3 மீட்டர் தள்ளி. பெட்டுக்கும் பின்னால் ஓடைச் சரிவு. பைலோ சொல்வது: துணைக் கட்டடம் பின்வளவில்தான் இருக்கவேண்டும், பக்க எல்லையிலிருந்து 3 மீட்டர் விடவேண்டும்.

கிழக்கே 3, பெட் 14, சேர்த்து 17. மேற்கே 13 மீட்டர் மிஞ்சுகிறது. அதில் பெட்டிலிருந்து 5 மீட்டர் விட்டால் 8. எல்லையிலிருந்து 3 மீட்டர் விட்டால் 5. ஆகவே விதிப்படி 5 மீட்டர் அகலக் கட்டடத்துக்கு இடம் இருக்கிறது. நீங்கள் விரும்புவது 6 மீட்டர் அகலத்தில் இரண்டு வாகனம் நிற்கும் கராஜ். கேட்கவேண்டியது: 3 மீட்டர் பக்க இடைவெளியை 2 மீட்டராகக் குறைக்கும்படி.

கமிட்டியில் யாராவது ஒருவர் கேட்பார்: "ஏன் 5 மீட்டரில் கட்டக்கூடாது?" நியாயமான கேள்வி. "எனக்கு 6 வேண்டும்" என்பது பதில் ஆகாது. இரண்டு வாகனங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் கதவு திறக்க 5 மீட்டர் உள்ளளவு போதாது; ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்த நீளத்தைக் கூட்டினால் கட்டடம் ஓடைச் சரிவை நோக்கிப் போகிறது; மேற்கு அயலவரின் பக்கத்தில் இந்த இடத்துக்கு நேரே இருப்பது மரவரிசை, வீடு அல்ல. இவை மூன்றும் நிலத்தைப் பற்றிய பதில்கள். ஒற்றை வாகனக் கராஜ் உங்களுக்குப் போதும் என்றால், மனதார 5 மீட்டரில் கட்டிவிட்டுப் போங்கள். விண்ணப்பமே தேவைப்படாத கட்டடம்தான் மலிவான கட்டடம்.

எண்ணைத் தெரிவு செய்வதிலும் யோசனை வேண்டும். சுவருக்கும் எல்லைக்கும் இடையில் 1.2 மீட்டருக்குக் குறைந்தால் அந்தச் சுவரில் சாதாரண ஜன்னல் வைக்கக் கட்டடக் கோவை இடம் தராது. ஏணி வைத்துப் பீலி துப்பரவாக்கவும் சுவருக்கு மை பூசவும் ஆள் நிற்க இடம் வேண்டும். கூரைத் தண்ணீர் அயல்வளவுக்குள் விழக்கூடாது. பைலோ 3 மீட்டர் கேட்பதன் நோக்கமே இவைதான். 2 மீட்டரிலும் இவை எல்லாம் நடக்கும் என்று காட்டினால் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதாகிறது. கட்டப்போவது சரியாக 2 மீட்டரில் என்றால் விண்ணப்பத்தில் 1.9 என்று கேளுங்கள். கொங்கிரீட் வார்க்கும் நாளில் ஐந்து சென்ரிமீட்டர் பிசகினாலும், கேட்ட எண்ணுக்கு வெளியே போனால் மறுபடி முதலிலிருந்து.

பைலோவை வாசிக்கும்போது

துணைக் கட்டடங்களுக்கான பகுதியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தாதீர்கள். வரைவிலக்கணங்கள் வேறு அத்தியாயத்தில் இருக்கும். உயரத்தைக் கூரை உச்சிக்கு அளப்பதா, கூரைச் சரிவின் நடுப்பகுதிக்கா? மொத்தக் கட்டடப் பரப்பு வீதத்தில் மூடிய மேடை சேருமா? மூலைக்காணி என்றால் எந்தப் பக்கம் 'முன்', எந்தப் பக்கம் 'வெளிப்பக்கம்'? கப்பல் கொள்கலனைக் கொட்டிலாக வைக்கலாமா என்பதற்கும் பல ஊர்களில் தனி வரி உண்டு.

இடைவெளி, உயரம், பரப்பு, முன்வளவு என்று நாலு விலக்கு ஒரே விண்ணப்பத்தில் கேட்கச் சட்டம் தடையில்லை. ஆனால் ஒவ்வொன்றும் சிறியதாக இருந்தாலும் நாலும் சேர்ந்தால் "இந்தக் காணிக்கு இந்தக் கட்டடம் பெரிது" என்ற எண்ணம்தான் வரும். கூரையைச் சற்றுத் தாழ்த்தி உயர விலக்கைத் தவிர்க்க முடியுமென்றால் தவிருங்கள்.

பயன்பாட்டை உள்ளபடி எழுதுங்கள். மேலே ஓர் அறை, குளியலறை, விருந்தினர் தங்குவார்கள் என்றால் அது கராஜ் இல்லை, குடியிருப்பு. வாகனம் திருத்தும் தொழில் நடத்துவதென்றால் பெரும்பாலும் ரீசோனிங், அதாவது காணியின் சோனிங்கையே மாற்றும் விண்ணப்பம், கேட்பார்கள். அதற்குக் காலமும் செலவும் பலமடங்கு. ஆடு, கோழி வளர்க்கும் கட்டடம் என்றால் கால்நடைக்கும் குடியிருப்புக்கும் இடையிலான குறைந்தபட்சத் தூரக் கணக்கு ஒன்று தனியாக வரும்.

பிளானரும் அயலவரும்

விண்ணப்பம் கொடுக்குமுன் டவுன்ஷிப் பிளானரோடு அரை மணி நேரம் பேச நேரம் கேளுங்கள். கோடு போட்டு அடித்த அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். கமிட்டிக்கு அறிக்கை எழுதப்போவது அவர்தான், பெரும்பாலான கமிட்டிகள் அந்த அறிக்கைக்கு நல்ல மதிப்புக் கொடுக்கும். "இதை எந்த இடத்தில் வைத்தால் நீங்கள் ஆதரிப்பீர்கள்?" என்று நேரடியாகவே கேட்கலாம்.

அயலவரிடம் டவுன்ஷிப்பின் கடிதம் போய்ச் சேருமுன் நீங்கள் போய்விடவேண்டும். 60 மீட்டருக்குள் உள்ள காணிச் சொந்தக்காரர்களுக்கு அறிவித்தல் போகும். தபாலில் வந்த அரச காகிதத்தில்தான் உங்கள் கராஜைப் பற்றி முதன்முதலாக அறிகிறார் என்றால், மனிதருக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் வரும். படத்தைக் காட்டுங்கள், கட்டட மூலைகளில் நான்கு தடியை நட்டுக் கயிறு கட்டிக் காட்டுங்கள். "தண்ணீர் என் பக்கம் வருமா?" என்பதுதான் அநேகமாக முதல் கேள்வி. பீலியும் தண்ணீர் போகும் வழியும் படத்திலேயே இருந்தால் பேச்சு சுருங்கும். சம்மதம் என்றால் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் மறுத்தாலும் பதறவேண்டாம். கமிட்டி எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ணுவதில்லை, என்ன காரணம் என்று பார்க்கிறது.

படிவமும் படமும்

படம் மெட்ரிக் அளவில் இருக்கவேண்டும். எல்லைகள், இருக்கும் கட்டடங்கள், வரப்போகும் கட்டடம், ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கும் இடையிலான தூரம், கிணறு, செப்டிக், வாய்க்கால், மரங்கள், ஓடை, ஈஸ்மென்ட், வீதி, அயற்காணிகளில் என்ன இருக்கிறது என்பது எல்லாம். படிவத்தில் சத்தியக் கூற்று ஒன்று உண்டு, ஆணையாளர் முன் கையெழுத்திடவேண்டும். டவுன்ஷிப் அலுவலகத்திலேயே ஒருவர் இருப்பார். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், பல நூறு டொலரிலிருந்து சில ஆயிரம் டொலர் வரை. மறுக்கப்பட்டால் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

"ஏன் முடியவில்லை" என்ற கட்டத்துக்கு மேலே சொன்ன காணியை வைத்து இப்படி எழுதலாம்: "பின்வளவின் கிழக்குப் பகுதியைச் செப்டிக் பெட்டும் அதற்கான 5 மீட்டர் இடைவெளியும், வடபகுதியை ஓடைச் சரிவும் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சும் இடத்தின் அகலம் மேற்கு எல்லைவரை 8 மீட்டர். வேறு எந்த இடத்திலும் கட்டடம் வைக்க முடியாது." பெயரடைகளோ வேண்டுகோள்களோ தேவையில்லை. இதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள், கூடவே அந்தத் தாளையும் இணையுங்கள்.

விசாரணை நாள்

விண்ணப்பம் ஏற்கப்பட்டு 30 நாளுக்குள் விசாரணை நடக்கவேண்டும் என்பது சட்டம். அதற்குக் குறைந்தது 10 நாள் முன் அறிவித்தல் போகும், வளவில் ஒரு பலகையும் தொங்கும். பலகையை வீதியிலிருந்து தெரியும்படி வைத்து, திகதியோடு படம் எடுத்து வையுங்கள். காற்று தூக்கிக்கொண்டு போனால் மறுபடி நடுங்கள்.

பிளானரின் அறிக்கை சில நாள் முன்னதாகவே வெளிவரும். கட்டாயம் வாசியுங்கள். எதிரான பரிந்துரை இருந்தால், அல்லது கன்சர்வேஷன் அதோரிட்டி புதிதாக ஏதாவது கேட்டிருந்தால், விசாரணையை ஒத்திவைக்கும்படி நீங்களே கேட்கலாம். மறுப்பு வாங்குவதைவிட ஒத்திவைப்பு ஆயிரம் பங்கு மேல். உங்கள் முறை வரும்போது பேசுவதற்கு ஐந்து நிமிடம் போதும்: படத்தைக் காட்டுங்கள், எது எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள், கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தயக்கம் என்றால் பிள்ளையையோ நண்பரையோ முகவராக எழுதிக் கொடுத்து அழைத்துப்போகலாம். தெருவில் வேறு யாரோ விதியை மீறிக் கட்டியிருப்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்; அது உங்களுக்கு உதவாது, அவருக்கு வினை.

முடிவுக்குப் பிறகு

முடிவு எழுத்தில், காரணங்களோடு வரும். பெரும்பாலும் நிபந்தனைகளும் சேர்ந்து வரும்: இணைத்த படத்தின்படியே கட்டவேண்டும், ஆட்கள் தங்கக்கூடாது, தண்ணீர் அயல்வளவுக்குள் போகக்கூடாது. முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து 20 நாள் மேன்முறையீட்டுக் காலம். அது ஒன்ராறியோ லாண்ட் ட்ரைபியூனல் என்ற மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போகும். 2022 நவம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மைனர் வேரியன்ஸ் முடிவை எதிர்த்து அயலவர் ஒருவர் மேன்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்பித்தவரும் டவுன்ஷிப்பும் அமைச்சரும் சில பொது அமைப்புகளும் சட்டம் குறிப்பிடும் சில நிறுவனங்களும்தான் செய்ய முடியும். ஆகவே உங்கள் அயலவருக்குக் கமிட்டி விசாரணைதான் ஒரே வாய்ப்பு. அவர் அங்கே வந்து ஆவேசமாகப் பேசினால் அந்தக் கோணத்திலிருந்தும் பாருங்கள்.

இருபது நாள் கழிந்ததும் கட்டட பேர்மிட்டுக்குப் போங்கள். வேரியன்ஸ் கையில் இருப்பதால் பேர்மிட் தானாக வந்துவிடாது; அது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். மின்சாரம் இழுப்பதென்றால் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தனி அறிவித்தல். மண் தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோலுக்குச் சொன்னால் நிலத்தடிக் குழாய், கம்பி போகும் பாதையை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். ஆனால் உங்கள் சொந்தச் செப்டிக் குழாயையும், கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயையும் அவர்கள் குறிக்கமாட்டார்கள், அவை உங்கள் பொறுப்பு. அத்திவாரப் பலகை அடித்ததும், கொங்கிரீட் லொறியைக் கூப்பிடுமுன், சர்வேயரைக் கொண்டு பலகைக்கும் எல்லைக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுத்தில் வாங்கி, கமிட்டியின் முடிவோடு சேர்த்துக் காணி உறுதி இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். வேரியன்ஸ் ஆளோடு போவதில்லை, காணியோடு தங்குகிறது. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கப்போவது அந்தக் காகிதங்களைத்தான்.